சாதி என்ற கட்டம்

கட்டையின் கீழ்ப்புறம்தான் அதற்கு இடம்.
மேலே பாசி, எறும்பு, மழை விட்ட வெயில்.
புரட்டினால்
பழஞ்சுவரில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டிக்கிடக்கும்.
குடையில்லை. காம்பில்லை. செதிலில்லை.
கறிக்கு ஆகாது,
படத்துக்கும் எடுபடாது.

அம்பகாமத்துக் காட்டில் நான் கட்டை புரட்ட முடியாது.
மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால்
எனக்கு அனுமதித்த தூரம் பூச்சியம்.
கொண்டுவருபவள் இதயராணி.
கண்ணிவெடி எடுக்கிற வேலை,
முழங்காலில் நின்று
நாளைக்கு ஆறேழு சதுர மீற்றர் நிலம்.
துப்புரவான பாதையின் ஓரம்
விழுந்த பாலையிலோ வீரையிலோ
தகடாய் ஏதும் பிடித்திருந்தால் சீவியெடுத்து,
மகளின் பழைய வினாத்தாளில் மடித்து,
மேலே பென்சிலால் மரம், திகதி, பாதை இலக்கம்.
மேற்பார்வையாளர் காணாததுபோல் தேநீர் குடிப்பாராம்.

நாற்பத்தொன்றாம் பொதியில் எழுதியிருந்தாள்:
மரம் பனை.
நான் அழிரப்பரை எடுத்தேன்.
"பிழையில்லை மிஸ். பனை அந்தக் காட்டில முளைக்காது.
ஆரோ தறிச்சுக் கொண்டுபோய் அடுக்கினது.
மேல மண்மூட்டை, கீழ கிடங்கு."
அழிரப்பரை வைத்துவிட்டேன்.

முதலில் அதைப் பதினேழாம் பொதியோடு
ஒரே உறையில் போட்டிருந்தேன்.
அதே வெண்ணெய் நிறம்,
அதே குளத்துச் சேறு வெடித்தாற்போல் வெடிப்பு.
பிறகு, கிளிநொச்சியில் மின்சாரம் வந்த ஒரு மத்தியானம்,
சவர அலகால் மெல்லிசாய்ச் சீவி,
ஒரு துளி பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விட்டு
நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தேன்.
பதினேழின் இழைகளில் மூட்டுக்கு மூட்டு ஒரு கொக்கி.
நாற்பத்தொன்றில் தேடித் தேடிக் கண் நொந்தது, ஒன்றுமில்லை.
அயடீன் விட்டேன்.
பதினேழு சும்மா இருந்தது.
நாற்பத்தொன்றின் வித்திகள்
மெல்ல, விருப்பமில்லாமல் போல, நீலமாயின.

இந்தப் பெயரை முதலில் வைத்தவர்கள்
ஒன்றும் இல்லாததையெல்லாம் இதற்குள் போட்டார்கள்:
தட்டை, வழவழப்பு, முகமில்லை, போடு சாக்குக்குள்.
பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாய் வெளியே எடுத்தார்கள்.
இப்போது டி.என்.ஏ. வந்து சாக்கையே கிழித்திருக்கிறது.
பக்கத்தில் பக்கத்தில் படுத்திருப்பவை உறவில்லையாம்.
இதன் கூடப்பிறந்தது எங்கோ வேறொரு மரத்தில்
குடை விரித்து நிற்கிறதாம்.
தட்டையாய்க் கிடப்பது குலமல்ல,
பிழைக்கிற வழி.
அதற்கு எத்தனையோ பேர்
எத்தனையோ திசையிலிருந்து வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

படிவத்தை நிரப்பும்போது இதயராணி எதிரே இருந்தாள்,
தலைகீழாய் வாசித்தாள்.
இராச்சியம், கணம், வகுப்பு, வருணம்,
குடும்பம், சாதி, இனம்.
"வருணம், சாதியா? உதுக்குமா மிஸ்?"
தேநீர் புரையேறியது அவளுக்கு.
"முகாமில தண்ணி வரிசையில ஒருத்தரும் கேக்கேல்ல.
திரும்பி வந்து மூண்டாம் மாசம்
கோயில் பொதுக்கூட்டத்தில கேட்டவை."

இது வெறும் சொல், என்றேன்.
பாடப்புத்தகம் எழுதிய ஆரோ
அந்தக் காலத்தில் தெரிந்தெடுத்த சொல்.
"அவையும் அப்பிடித்தான் சொல்லுறவை,
வெறும் பேச்சுக்குக் கேட்டது எண்டு."

வெளிநாட்டிலிருந்து பதில் வர இரண்டு மாதம்.
பதினேழு நீங்கள் எழுதிய சாதியே.
நாற்பத்தொன்று அல்ல.
எதற்குள் வைப்பதென்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை,
தயவுசெய்து இன்னும் சேகரியுங்கள்.

இன்னும் சேகரிக்க அந்தப் பனங்குற்றி இல்லை.
அதற்குக் கீழே ஒன்று இருந்ததாம்,
அந்த இடத்திலேயே வெடிக்க வைத்தார்களாம்.

கணினியில் அந்தக் கட்டத்துக்கு
ஒரு சிவப்பு நட்சத்திரம்.
வெறுமையாய் விட்டால் சேமிக்காது.
இடைவெளி தட்டினேன், மறுத்தது.
கேள்விக்குறி, மறுத்தது.
ஒரு புள்ளி தட்டினேன்,
ஏற்றுக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

நாற்பத்திரண்டு மேசையில் கிடக்கிறது.
முதிரை. நேற்றைய மழை இன்னும் தாளில் ஊறுகிறது.
இன்றைக்கே உலர்த்தவேண்டும்,
இல்லாவிட்டால் பங்கசுக்கு மேல்
பங்கசு பிடிக்கும்.